மருமகனின் ஆயுதசாலை

மருமகனே, போன சனிக்கிழமை பினாங்குச் சூலியா தெருவில் உங்கள் கடைவீட்டு மாடிக்கு வந்து உன் படிப்பறையைப் பார்த்ததிலிருந்து, உன்னை நாலு வார்த்தை புகழாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. நேரில் சொன்னால் கூச்சப்படுவாய் என்று எழுதுகிறேன். உடனே படிக்க வேண்டும் என்ற அவசரம் ஒன்றும் இல்லை. உனக்கு அந்தப் பழக்கமும் இல்லை.

முதலில் உன் வீரம். நீ வருகிறாய் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் இரண்டு அரசாங்கத் தேர்வுகள் ஓடிப்போயின. நீ ஐந்தாம் ஆண்டில் உட்கார்ந்திருந்தபோது, 2021இல், ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆரை எடுத்துவிட்டார்கள். 2022இல் மூன்றாம் படிவத்தின் பிடி3 போனது. ஆரம்பப் பள்ளி 2003 முதல் சட்டப்படி கட்டாயம் என்பதால் ஆறு வருஷம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டாய். அது முடிந்த கையோடு, இனி வீட்டிலேயே படிக்கிறேன் என்று அறிவித்தாய். தென்கிழக்காசியாவின் முதல் ஆங்கிலப் பள்ளியை 1816இலேயே தொடங்கிப் பெருமையடித்துக்கொள்ளும் ஊரில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். மணியடித்தால் உட்கார், மணியடித்தால் எழுந்திரு என்பதெல்லாம் ஆட்டுமந்தைக்கு என்று அக்காவிடம் சொன்னாயாமே. அக்கா அதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், முன்பு பெருமையாக, இப்போது வேறு குரலில்.

மிச்சமிருப்பது ஐஜிசிஎஸ்இ ஒன்றுதான். மே-ஜூனில் ஒரு முறை, அக்டோபர்-நவம்பரில் ஒரு முறை என்று வருஷத்துக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டு கொடுத்திருப்பதே ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் என்று கண்டுபிடித்தவன் நீ. இதுவும் மற்ற இரண்டைப் போல் தானாக ஓடிவிடும் என்று காத்திருக்கிறாய் என நினைக்கிறேன். சின்னச் சிக்கல், இதை நடத்துவது புத்ராஜெயா இல்லை, கேம்பிரிட்ஜ். உன் பெயர் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. பதிவுப் படிவம் உன் மேசையில், தே தாரிக் குவளைக்கு அடியில் இருப்பதை நானே பார்த்தேன்.

அந்த மேசையை என்னவென்று சொல்ல! அதியமானுக்காகத் தூது போன ஔவை தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து மகிழ்ந்தாளே, அதே மகிழ்ச்சி எனக்கும். பன்னிரண்டு நிற மார்க்கர்கள், ஒன்றின் மூடிகூடத் திறக்காமல். வரிசையாக நிற்கும் பாடநூல்கள், முதுகில் ஒரு மடிப்பு இல்லை. இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன், அச்சகத்து வாசனை அப்படியே இருந்தது. உன் வயதில் என் புத்தகங்களுக்கு அட்டையே இருக்காது. ஓரத்தில் கிறுக்கல், நடுவில் மீன்குழம்புக் கறை. பொருளைப் பேணத் தெரியாத பிள்ளை நான்.

சுவரில் கால அட்டவணை. காலை ஐந்தரைக்கு எழுதல், ஆறுக்கு உடற்பயிற்சி, ஏழிலிருந்து கணிதம் என்று ஐந்து வண்ணப் பென்சிலில். நான் படியேறியபோது மணி பத்தரை. அட்டவணைப்படி நீ வேதியியலில் இருக்க வேண்டும். நீ தரையில் மண்டியிட்டு, ஏழு வண்ணத்தில் புது அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாய். பழையதில் இளஞ்சிவப்பு சரியாக எடுக்கவில்லை என்றாய். அப்படிப்பட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு மனிதன் எப்படிப் படிப்பான்?

இந்தக் கலையில் உனக்கு ஒரு முன்னோடி உண்டு, அதுவும் நம் பக்கத்தில். பார்க்கின்சன் என்று ஒரு வெள்ளைக்காரர். 1950 முதல் 1958 வரை சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு அது உப்பும் என்று 1955இல் இகானமிஸ்ட் இதழில் எழுதினார். உதாரணத்துக்கு ஒரு சீமாட்டி, வேறு வேலை இல்லாதவள். மருமகளுக்கு ஒரு தபால் அட்டை எழுத ஒரு நாள் முழுவதும் அவளுக்குப் போய்விடுகிறது. கண்ணாடியைத் தேடுவதற்கே ஒரு மணி நேரம். ஆனாலும் பார், சாயங்காலத்துக்குள் அட்டை எழுதி முடிந்துவிடுகிறது. பேராசிரியருக்கு அதற்குமேல் கற்பனை ஓடவில்லை. உன்னைப் பார்த்திருந்தால் அட்டையே இல்லாத ஓர் அத்தியாயம் சேர்த்திருப்பார்.

படிக்கும் முறையைப் பற்றி நீ படித்திருக்கும் அளவுக்குப் பாடத்தைப் படித்தவர்கள் இருப்பார்களா என்பது சந்தேகம். சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980களின் கடைசியில் சமையலறையில் கிடந்த தக்காளி வடிவக் கடிகாரத்தைத் திருகிவைத்துப் படிக்கத் தொடங்கி, இருபத்தைந்து நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் ஓய்வு என்ற முறைக்கு வந்த கதையை நீதான் எனக்குச் சொன்னாய். அதற்கான செயலிகளில் ஒன்பதை இறக்கி, ஒப்பிட்டு, எதில் தக்காளி நன்றாக இருக்கிறது என்று முடிவெடுக்க உனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இத்தாலியருக்குப் பாவம், செயலி கிடையாது. உடனே படிக்க உட்கார்ந்துவிட்டார்.

அதைவிட நான் வியந்தது உன் சுயஞானத்தை. தள்ளிப்போடுவது சோம்பல் இல்லை மாமா, மனசுக்கு ஒவ்வாத உணர்ச்சியிலிருந்து ஒதுங்கிக்கொள்வது என்று உளவியல் ஆய்வாளர்கள் சொல்வதை முக்கால் மணி நேரம் விளக்கினாய். எனக்கும் அது சரியென்றே பட்டது. உனக்கு மோல் கணக்கில் பயம், அதனால் வேதியியலைத் தொடுவதில்லை என்று நீயே ஒப்புக்கொண்டாய். ஒரே ஒரு கணக்கை, தப்பாகவாவது, போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும் என்பதும் உன் விளக்கத்திலேயே வந்தது. இவ்வளவு தெளிவாகப் புரிந்த பிறகு போட்டு வேறு பார்க்க வேண்டுமா என்று விட்டுவிட்டாய். ஞானிகள் வழி அது.

நீ வாழும் தெருவில்தான் ஞானம் குறைவு. மாடிக்குக் கீழே ரொட்டி சானாய் போடுகிறாரே ஓர் அண்ணன், அவரிடம் மூட் வந்தால்தான் மாவு பிசைவீர்களா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் வீச வேண்டிய மாவு ராத்திரியே பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊறியிருந்தால்தான் கிழியாமல் விரியுமாம். நாளைய வேலையை இன்றே செய்யும் அவசரக்காரர்! நாசி கண்டார் பரம்பரையும் அப்படித்தான். காவடிக் கம்பில் சோற்றையும் குழம்பையும் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, துறைமுகக் கூலிகளின் பசி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த கூட்டம் அது. அந்தக் கம்பை வைத்துத்தான் சோற்றுக்கே பெயர். ஜன்னலைத் திறந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கு. 1801இல் எழுந்த பள்ளிவாசல், ஒரு நாளை ஐந்தாகப் பகுத்துத் தெரு முழுவதுக்கும் அறிவிக்கிறது, செயலி இறக்காமல், விளம்பரமில்லாமல். சாயங்காலமானால் வந்தான் மீ வண்டிகள் தத்தம் இடத்துக்கு வந்துவிடுகின்றன. சுற்றிலும் இத்தனை மணி அடிக்க, நடுவில் ஒன்றும் காதில் விழாமல் இருப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்!

சூலியா என்று இந்தத் தெருவுக்குப் பெயர் வந்ததே சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களால். நீயும் ஒரு கலத்தில் ஏறியிருக்கிறாய். காலம் நீட்டித்தல், மறதி, மடி, தூக்கம் என்ற நான்கையும் வள்ளுவர் ஒரு கலன் என்றார். பரிமேலழகர் அதை மரக்கலம் என்றார். அணிகலன் என்று சொன்னவர்களும் உண்டு. இந்தச் சண்டையை நீ தீர்த்துவைத்தாய், நான்கையும் பூட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்திருக்கிறாய். அந்தக் கலத்தில் யார் விரும்பி ஏறுவார்கள் என்பதையும் அவர் அதே குறளில் எழுதிவைத்திருக்கிறார். உனக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்.

நான் கிளம்பும்போது, "திங்கட்கிழமையிலிருந்து மாமா" என்றாய். எந்தத் திங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் நாகரிகம் தெரியாதவன் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன். உன்னைப் பார்க்க வருமுன் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளில் சுற்றி, ஐந்து வெள்ளிக்கு ஒரு வேதியியல் பயிற்சி நூல் உனக்கென்று வாங்கினேன். அட்டை பிய்ந்தது. யாரோ ஒரு பிள்ளை ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் தேதி போட்டிருக்கிறது. மோல் கணக்கில் முதல் பக்கம் முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி, அடுத்த நாள் தேதியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்த நாள் இன்னும் குறைவு. கடைசிப் பக்கம் வரை தேதி இருக்கிறது. உன் அலமாரியைப் பார்த்ததும் பையிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. அதியமான் வீட்டுச் சாமானைத் தொண்டைமான் கொட்டிலில் வைத்தால் மற்றதிலும் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். படகில் பட்டர்வொர்த்துக்குத் திரும்பும்போது நானே இரண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று தப்பு.