அரை விநாடித் திருடர்கள்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் வெளி லைன்பேக்கருக்கு ஏன் இத்தனை மவுசு?

பதில்: பந்தை எறியக் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது சுமார் மூன்று விநாடி. அதில் அரை விநாடியைத் திருடுபவர் ஆட்டத்தையே திருடிவிடலாம். 2016 பிப்ரவரியில் நடந்த 50வது சூப்பர் பவுல் இறுதிப் போட்டியைப் பாருங்கள். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரரான எதிரணிக் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனிடமிருந்து டென்வர் அணியின் வெளி லைன்பேக்கர் வான் மில்லர் இருமுறை பந்தைத் தட்டிவிட்டார். இரண்டும் டச் டவுனில் முடிந்தன. டென்வர் 24-10 என வென்றது, ஆட்டநாயகன் மில்லர். 'சட்டென்று எறிந்துவிட்டால் தப்பலாமே' என்பார்கள். தப்பலாம், ஆனால் சட்டென்று எறிவது பெரும்பாலும் கிட்டத்தில்தான் விழும். நீண்ட எறிதலைத் தடுத்ததே தற்காப்புக்கு லாபம். தவிர, நின்றபடி தொடங்கும் வெளி லைன்பேக்கர் பாய்வாரா, பின்வாங்கி எறிதலை மறிப்பாரா என்பது கடைசிக் கணம்வரை எதிரணிக்குத் தெரியாது. 1986இல் வெளி லைன்பேக்கர் லாரன்ஸ் டெய்லர் தற்காப்பு வீரராகவே லீகின் சிறந்த வீரர் விருதை வென்றது சும்மா இல்லை!