நாலு முழமா, எட்டு முழமா?

2008 கோடையில் புனேக்கு வந்திருந்த என் மாமனார், புத்வார் பேட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நெரியும் தப்கீர் கல்லியில் கையடக்க வீடியோ பிளேயர் ஒன்று வாங்கினார். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை தூங்குவது புனே வியாபாரிகளின் பிறப்புரிமை என்று தெரியாமல், நாலு மணி வரை ஷட்டருக்கு முன்னால் நின்று வாங்கியது. "அண்ணா, ஃபுல் ஸ்க்ரீன்!" என்று கடைக்காரர் கொடுத்தாராம். தெற்கத்திக்காரன் எவனும் இங்கே அண்ணாதான். இந்த அண்ணாவுக்கு வயது 68.

ஊர் திரும்ப, சென்னை வரைக்கும் ரயிலில் ஏறக்குறைய இருபது மணி நேரம். அதற்குள் இரண்டு டிவிடி பார்த்துவிட வேண்டும் என்றார். ஒன்று 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்', தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். மற்றது என் மைத்துனியின் கல்யாணம். அதற்கும் சரித்திர முக்கியத்துவம் உண்டு. மாமா கடன் வாங்காமல் நடத்திய ஒரே கல்யாணம்.

எனக்கு ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. ஆகவே மிக்ஸி ரிப்பேர் முதல் எல்லாம் என் தலையில். பிளேயரின் திரை குறுக்கே 480 புள்ளி, நெடுக்கே 272. கல்யாண டிவிடியை அந்த அளவுக்கு அப்படியே மாற்றிக் கொடுத்தேன். பார்த்தால், மணமேடையில் இருந்த எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பெருத்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் கன்னத்தில் இரண்டு லட்டை அடக்கிக்கொண்டு தாலி கட்டினான். மாமா ரசித்தார்: "சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட்ட சாப்பாட்டுக்கு இதுதான் சரியான சைஸ், மாப்ள." அத்தை ரசிக்கவில்லை. அவர் என்னோடு நேரே பேசமாட்டார், என் மனைவியிடம், "ஏட்டி, என்னை என்ன உரல் மாதிரி ஆக்கி வச்சிருக்கு?" என்றார்.

குற்றம் என் மேல் மட்டுமில்லை. நம் ஊர் டிவிடியில் ஒவ்வொரு பிம்பமும் 720-க்கு 576 புள்ளி. வகுத்தால் 1.25. பழைய டிவிக்கு வேண்டியது நாலுக்கு மூன்று, அதாவது 1.33, அகலத் திரைக்குப் பதினாறுக்கு ஒன்பது, 1.78. இரண்டுக்கும் ஒரே 720 தான். வட்டுக்குள் படம் மடித்து வைத்த வேட்டி. பிரித்தால் நாலு முழமா, எட்டு முழமா என்று சொல்லும் சீட்டு ஒன்று கூடவே இருக்கும். சீட்டைப் பார்க்காமல் பிரித்தால் அத்தை உரலாவார், இல்லையென்றால் உலக்கையாவார்.

சினிமாவிலும் இதே மடிப்புதான். ஸ்கோப் படத்தை ஃபிலிமில் பாதி அகலத்துக்கு நெருக்கி, புரொஜெக்டரில் தனி லென்ஸ் போட்டு விரிப்பார்கள். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர் லென்ஸ் போட மறந்தால் வில்லன்கூட ஊதுவத்தியாக வருவான். விசில் பறந்ததும் விரிவான்.

இதையெல்லாம் அத்தைக்கு விளக்காமல் இரண்டாம் முறை முயன்றேன். சீட்டுப்படி நாலுக்கு மூன்று. இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தது. கல்யாண வீடியோக்காரர் 'சினிமா எஃபெக்ட்' என்று மேலும் கீழும் கறுப்புப் பட்டையைப் படத்தோடு பதித்தே கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. நாலு பக்கமும் கறுப்புக் கரை. நடுவே சிரிக்கும் மணமக்கள். பேப்பரில் எட்டாம் பக்கம் வருமே, அந்த மாதிரி. கீழே 'கண்ணீர் அஞ்சலி' ஒன்றுதான் பாக்கி. அத்தை எழுந்து பூஜை அறைக்குள் போய்விட்டார்.

லா காலேஜ் ரோட்டில், 1964 முதல் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில், 1936-இன் 'சந்த் துக்காராம்' பார்த்திருக்கிறேன். பழைய படமென்பதால் பக்கவாட்டில் திரை காலியாகத்தான் கிடந்தது. கொடுத்த காசுக்கு முழுத்திரை வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் அந்த நாகரிகம் எடுபடாது.

மூன்றாவது முறை, பதித்த பட்டையை மேலே 72 வரி, கீழே 72 வரி வெட்டினேன். மீதி 432 வரி, அச்சாகப் பதினாறுக்கு ஒன்பது. படம் திரையை நிறைத்தது, அத்தையும் அத்தையாகவே இருந்தார். மூன்று மணி நேரம் ஓட வேண்டிய வேலை. மறுநாள் வியாழக்கிழமை, புனேயில் மராமத்துக்குக் கரண்டை நிறுத்தும் நாள். அதனால் ராத்திரியோடு ராத்திரியாக முடித்தேன்.

சோழனைத் தொட முடியவில்லை. ஸ்கோப் படம் 480 அகலத்துக்கு 204 உயரம்தான் வரும். மேலும் கீழும் 34 வரி கறுப்பு. பக்கவாட்டில் வெட்டினால் கால்வாசி தர்பார் போய்விடும். "அப்படித்தான் மாமா இருக்கணும்" என்று ரயிலேற்றினேன். அவர் அந்தப் பட்டையைப் பார்த்த பார்வையே சரியில்லை.

ராத்திரி சோலாப்பூர் தாண்டி போன் வந்தது. "மாப்ள, இதுல ஓரமா ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா ஃபுல்லா வந்துருது! நீங்க பார்க்கலை போல. சிவாஜி என்ன உசரம்ங்கீங்க!"

204-ஐ 272 ஆக இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடும். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி. குண்டக்கல் தாண்டுவதற்குள் அதை என் மாமனார் 288 ஆக்கியிருப்பார்.