‘நானே’ என்னும் சொல்லின் ஏகாரம்: ஒரு கள ஆய்வு

ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன பொருள்கள் 5: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூலில் பவணந்தியார் இசைநிறையையும் சேர்த்து 6 ஆக்கினார். பவணந்தியார் முனிவர், பிள்ளை வளர்த்திருக்க வாய்ப்பில்லை. எனவே ‘நானே’யில் நிற்கும் ஏகாரம் இன்னும் சரிவர ஆராயப்படவில்லை என்று துணிகிறோம்.

களம் எங்கள் வீடு. தரவாளர் ஒருவர், வயது 11. முதல் தரவு அவருடைய இரண்டாம் வயதில், தயிர்சாதக் கிண்ணத்தருகே கிடைத்தது. “நானே!” பாதி வாய்க்குப் போயிற்று, மீதி காதுக்கும் தரைக்கும். தேற்ற ஏகாரம் என்று குறித்துக்கொண்டு, மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தோம். செருப்பைக் கால்மாற்றிப் போட்ட காலத்துத் தரவுகளும் இவ்வகையே.

சிக்கல் சடையில் தொடங்கியது. “ஏன்டி, நீயா எப்பத்தான் பின்னிப்பே?” என்று காலைதோறும் கேட்டவள் ஆய்வாளரே, இதை மறைப்பது ஆய்வு நெறியாகாது. ஒருநாள் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு திரும்பினால், தரவாளர் கண்ணாடி முன் நின்று பின்னி முடித்திருந்தார். வகிடு வைகையைப் போல் வளைந்திருந்தது. “நானே போட்டேன்மா.” ஊற்றிய எண்ணெயை என் தலையிலேயே தேய்த்துக்கொண்டேன். அன்றைய ஏகாரம் எந்த வகை என்பது குறிப்பேட்டில் காலியாகவே இருக்கிறது.

முன்னோர் உதவுவார்களா என்று பிள்ளைத்தமிழைப் புரட்டினேன். பருவங்கள் 10. குழந்தையை ‘வா வா’ என்றழைக்கும் வருகைப் பருவம் உண்டு. போகைப் பருவம் என்று ஒன்று கிடையாது. மரபுப்படி கணக்கிட்டால் 21-ஆம் மாதத்தோடு பருவங்கள் முடிந்துவிடுகின்றன. புலவர்கள் விவரமானவர்கள். பிள்ளை ‘நானே’ என்று வாய் திறப்பதற்குள் நூலைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

கடைசித் தரவு சென்ற வாரத்தது. “டியூஷனுக்கு நானே போய்க்கிறேன்.” இரண்டு தெரு தள்ளித்தான். காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு முப்பதடி பின்னால் நடந்தேன். ஆய்வுலகில் இதற்கு மறைந்து நோக்கல் என்று பெயர், வேவு என்பது என் கணவர் வைத்த பெயர். முனையில் நின்றாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே வலமும் இடமும் பார்த்தாள். கடந்து போனாள். பின்பக்கம் பார்க்க நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிரிநிலை என்று எழுதிவிட்டு வீடு திரும்பினேன்.

“பை காலியா இருக்கே?” என்றார் கணவர். அந்த ஏகாரம் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.