குற்றியல் தும்மல்: புக்கிட் செந்தோசாத் தமிழரின் ஒலியடக்கப் புணர்ச்சி விதிகள்

எழுத்தொலிகள் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் விரிவாகச் சொன்னார். பிறக்கவிடாமல் அமுக்கப்படும் ஒலிகளுக்கு ஓர் இயல் எழுத அவருக்கு நேரம் வாய்க்கவில்லை போலும். அக்குறையைத் தீர்க்க, உலு சிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் செந்தோசாவை ஆய்வுக்களமாகக் கொண்டோம். 1990களில் எழுந்த நகரியம் அது. நைஜல் கார்டனர், சுங்கை திங்கி என்று தோட்டப் பெயர்களை இன்னும் குலப்பெயர் போலச் சொல்லும் பெரியவர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. தும்மலுக்கு இதைவிட நல்ல களம் அமையாது.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். அடக்கக் கூடாத உடல் வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். தும்மல், கொட்டாவி, இருமல், கண்ணீர், கீழ்க்காற்று எல்லாம் அதில் அடக்கம். சரக சங்கிதையின் பட்டியலில் 13தான். ஆனால் சரகர் ஏப்பத்தைச் சேர்த்திருக்கிறார், நம் சித்தர்கள் விட்டுவிட்டார்கள். இந்த விடுபாடு குறித்து அறிஞர் உலகம் வாய் திறக்காதது வியப்பே. எம் முடிபு எளிது: தமிழன் உண்டபின் ஏப்பத்தை அடக்கியதே கிடையாது. நடக்காத குற்றத்துக்குச் சட்டம் எதற்கு? சிரிப்பு இரண்டு பட்டியலிலும் இல்லை. அக்காலத்தில் கோயில் ஆண்டுக் கூட்டம் நடந்ததில்லை என்பதற்கு இதுவே அகச்சான்று.

தும்மலை நுணுகி ஆராய்ந்தவர் வள்ளுவர். புலவி நுணுக்கத்தில் கணவன் தும்முகிறான். வாழ்த்திய மனைவி, உடனே எவள் நினைப்பில் வந்த தும்மல் என்று கேட்டு அழுகிறாள் (குறள் 1317). அடுத்த குறளில் அவன் உஷாராகித் தும்மலை அடக்குகிறான். யாரோ நினைப்பதை ஒளிக்கிறான் என்று அதற்கும் அழுகிறாள். அடக்கினால் வீட்டில் அமைதி நிலவும் என்ற கோட்பாடு அன்றைக்கே அடிபட்டுப் போயிற்று.

இனி அளவு. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. தோட்டத்து லயத்து வீட்டில் வாழ்ந்த பாட்டியின் கொட்டாவி அளபெடை. மூன்று மாத்திரைக்குக் குறைந்தால் அது கொட்டாவியே அன்று. ராசா நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறும் அவர் பேத்தியின் தும்மலோ குற்றியலுகரம் போல அரை மாத்திரை. 2020 ஆகஸ்ட் 1 முதல் பொதுப் போக்குவரத்தில் முகக்கவசம் கட்டாயமானது. அப்போது அத்தும்மல் மகரக்குறுக்கத்தின் கால் மாத்திரைக்கு இறங்கியது. அத்தனை சுருக்கியும் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது வேறு கதை.

அடக்கிய ஒலி எங்கே போகிறது? இங்கேதான் புணர்ச்சி இலக்கணம் கைகொடுக்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று. கெடுதல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் கிராணி வருகைக்குப் பெயர் கூப்பிடும்போது விழுங்கப்பட்ட விடியற்காலைக் கொட்டாவிகள் அவ்வகை, தடயமின்றிப் போயின.

திரிதலே வளமான பகுதி. கோயில் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கிறார். பூ, எண்ணெய், மின்கட்டணம் வரை சபை அமைதி காக்கிறது. 'இதர செலவுகள்' என்று தொடங்கி அவர் தொகையைச் சொல்லும் நொடியில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, மிடற்றைத் தாண்டுமுன் இருமலாகத் திரிகிறது. திரிந்த இருமல் தொற்றும். இரண்டாம் வரிசைக்குப் பரவி, செயலாளரையும் பிடிக்கிறது. "தம்பிகளா, தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று பொருளாளர் கனிவாகச் சொல்கிறார். அந்தக் கனிவும் அடக்கப்பட்ட கோபத்தின் திரிபே என்பது எம் துணிபு. கொட்டாவி 'முருகா'வாகவும் விம்மல் தொண்டைச் செருமலாகவும் திரிவதை இதனோடு ஒப்பிடுக. மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் அப்பாக்கள் செருமும் செருமல் தனி ஆய்வுக்குரியது. அதைக் கேலிசெய்ய எமக்கு மனம் வரவில்லை.

தோன்றலுக்குச் சுவர் வேண்டும். பழைய லயங்கள் பலவற்றில் பலகைத் தடுப்பு கூரைவரை எட்டாது. சண்டை, அழுகை, குறட்டை எல்லாம் பொதுச்சொத்து. முழுதும் கேட்டதால் யாரும் எதையும் அடக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் நேரே வந்து தீர்ப்பும் சொல்லிவிடுவார். நகரியத்து வரிசை வீட்டுச் செங்கல் சுவரோ பாதியைத்தான் கேட்கவிடுகிறது. மீதியை அண்டை வீட்டார் கற்பனையில் நிரப்பிக்கொள்வார்களே என்ற அச்சத்தில்தான் அடக்கம் பிறந்தது. ஆகவே புருஷன் பெண்டாட்டிச் சண்டை மூளும் முன் வானொலியில் மின்னல் பண்பலையின் ஒலி இரண்டு மடங்காகிறது. கீழ்க்காற்றுக்கு நாற்காலி கிறீச்சிடுகிறது. மூல ஒலியை மறைக்கத் தோன்றிய ஒலி அதைவிடப் பெரிது, தெருவே அறிந்துகொள்கிறது. அடக்கம் நாகரிகத்தால் வந்தது என்போர் இச்சுவரை அளந்து பார்க்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தித் தும்மலை அடக்கிய 34 வயது ஆடவர் ஒருவருக்குத் தொண்டை கிழிந்ததை இங்கிலாந்தின் லெஸ்டர் மருத்துவர்கள் 2018இல் பதிவு செய்தார்கள். குரல் போய், குழாய் வழியே உணவு செலுத்த வேண்டியதாயிற்று. ஆகவே தும்முங்கள், முழங்கையை மடித்து அதற்குள் தும்முங்கள். கோயில் நிர்வாகத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: 'இதர செலவுகள்' என்ற வரியைத் தேநீர் கொடுத்து முடித்தபின் வாசியுங்கள். வாயில் தேநீரோடு சிரிப்பை அடக்குவோருக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் செயற்குழுவினர்தான்.