கையில் ரோலர், காதில் சோழநாடு

கேள்வி: தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசும்போது மகள் ‘பொன்னியின் செல்வன்’ ஒலிநூலை ஓடவிடுகிறாள். வேலை கெடாதா?
– வாசகி, ஜாசின்

பதில்: கெடாதும்மா. சுவர்தான் சீக்கிரம் முடிந்துவிடும். 5 பாகத்தையும் கேட்டு முடிக்கப் பக்கத்து வீட்டுச் சுவரும் தேவைப்படும்! கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதலே தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, வேலை நேரத்தில் வாசித்துக் காட்ட ஆள் வைத்துக்கொண்டார்கள். அங்கே பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் ‘மான்டிகிறிஸ்டோ’ நாவல் அவ்வளவு பிடித்துப்போய்த்தான் அதே பெயர் ஒரு சுருட்டுக்கும் வந்தது. கை உழைக்கும்போது காது ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? சுவரில் துளை போடும்போதும் அளவெடுக்கும்போதும் மட்டும் நிறுத்துங்கள். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரட்டும். ஏணியில் நிற்பவர் ஒரு காதை வீட்டுக்கு விட்டுவைக்கட்டும். முதல் பூச்சு காயும் நேரத்தில், நந்தினியைப் பற்றி மகள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள்.