மோர் வேண்டாம் என்பவர் யாது உண்பார்?
பாலில்லாத் தமிழ்ச் சமையல் குறித்து ஓர் ஆய்வுரை

1. தோற்றுவாய்

இறைச்சியை விட்டவர்கள் பாலையும் முட்டையையும் விட வேண்டும் என்று வாதிட்ட டொனால்ட் வாட்சனும் நண்பர்கள் சிலரும் 1944 நவம்பரில் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது போர்க்காலம், பாலும் முட்டையும் அங்கே எப்படியும் பங்கீட்டில்தான் கிடைத்தன. ஆகவே வாட்சன் சந்திக்காத சோதனை ஒன்று உண்டு. மோர் வாளியோடு இலைக்கு எதிரே நின்ற பெரியம்மா எவரும் அவரிடம், "மோர் கூடவா வேணாம்? மோர் என்னடா பண்ணுச்சு உன்னை?" என்று கேட்டதில்லை. துறைசார் நூல்கள் இவ்வினாவைக் கண்டும் காணாமல் கடந்து போகின்றன. அந்த இடைவெளியை இட்டு நிரப்புவதே இவ்வுரையின் நோக்கம்.

2. எல்லையும் முறையும்

ஆய்வெல்லை, தமிழ்நாட்டுச் சைவ வீட்டின் அடுக்களை. முதன்மை ஆய்வுமுறை, பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தல். சமைத்து முடிக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது என்று கள அதிகாரி ஆணையிட்டதால், சுவைத்தல் முறை சாப்பாட்டு வேளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

3. பாகுபாடு

திறந்த பாத்திரங்கள் மூவகைப்படும்.

முதலாவது, தன்னையறியாத வீகன். இட்லி, தோசை, இடியாப்பம், தேங்காய்ச் சட்னி, சாம்பார், வத்தக்குழம்பு, புளியோதரை, அடை, சுண்டல், பொரியல், எள்ளுருண்டை, கடலைமிட்டாய் ஆகியன இதில் அடங்கும். உளுந்தும் அரிசியும் இரவு முழுக்கத் தாமே புளித்துப் பொங்கிப் பஞ்சுபோல் வெந்து வருகின்றன. அதற்காக எந்த இட்லியும் இதுவரை கொள்கை விளக்கக் கூட்டம் நடத்தியதில்லை. வீகன் உணவைத் தொடங்க நினைப்பவர் புதிதாக ஏதும் வாங்க வேண்டியதில்லை என்பது இவ்வகையால் பெறப்படும்.

இரண்டாவது, மேலே நெய் தெளித்தது. வெண்பொங்கல், பருப்புச் சோறு, ரசத்தின் தாளிப்பு, நெய் ரோஸ்ட் ஆகியன. இவற்றில் நெய் வந்து சேர்ந்த விருந்தாளியே அன்றி வீட்டுக்காரர் அல்லர். பொங்கலுக்கு மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரியைத் தேங்காயெண்ணெயில் தாளிக்கலாம். பருப்புப் பொடிக்கு நல்லெண்ணெய் பழைய துணை.

மூன்றாவது, பாலை உயிராகக் கொண்டது. தயிர்சாதம், மோர்க்குழம்பு, பால்பாயசம், பில்டர் காபி. நெய்யோடு, வீகன் விலக்கும் தேனும் சேர்வதால் பழனிப் பஞ்சாமிர்தமும் இவ்வகையே.

இம்மூன்றிலும் அடங்காமல் ஒளிந்து திரிபவை சில உள. மோர்மிளகாய், பெயரிலேயே வாக்குமூலம் கொடுத்தும் தப்பிவிடுகிறது. வாழைத்தண்டை நறுக்கியதும் கறுக்காமலிருக்க மோர்த் தண்ணீரில் போடுவார்கள். பொரியலாகி இலைக்கு வரும்போது மோரின் தடயம் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பைத் தடுப்பது மோரின் புளிப்புத்தான். ஆகையால் எலுமிச்சை பிழிந்த தண்ணீரும் அவ்வேலையைச் செய்யும். கடையில் வாங்கும் பொட்டலத்தின் பச்சைப் புள்ளி இங்கே உதவாது. பால் பவுடர் கலந்த பிஸ்கட்டும் அந்தப் புள்ளியைச் சூடிக்கொள்ளும். வீகன் உணவுக்கென்று தனி விதிகளும் தனி இலச்சினையும் 2022இல் வந்துவிட்டன. கீரைக்கட்டு மட்டும் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

4. கருதுகோள்

பால் இந்த வீடுகளில் எங்கெல்லாம் நிற்கிறது என்று பார்த்தால் ஒரு முறைமை புலப்படும். விடிந்ததும் காபி. முதல் கவளத்தில் பருப்பின்மேல் நெய். கடைசியில் மோர். நடுவிலுள்ள குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம் பெரும்பாலும் செடிகொடியின் ஆட்சி. அதாவது பால் வாசற்படிகளில் நிற்கிறது. பாலை விடுபவர் இழப்பது உணவை அன்று. தொடங்கும் முறையையும் முடிக்கும் முறையையும்தான். மோர் ஊற்றாத இலையைக் கண்டு பெரியம்மா பதறுவது இதனாலேயே. பிள்ளை இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பது அவர் கணக்கு.

இதிலிருந்து தொடக்கநிலையாளருக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் நெய்யை எண்ணெயாக மாற்றுக, ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். அடுத்து மோர். காபியைக் கடைசியில் தொடுக. காபியில் தொடங்கியவர்கள் மறுநாளே பழைய டம்ளருக்குத் திரும்புவது இயற்கை.

5. தடையும் விடையும்

"பால் சைவம்தானே?" எனின், ஆம். அதை இவ்வாய்வு மறுக்கவில்லை. ஆயினும் மாடு கன்று ஈன்றால்தான் கறக்கும். ஈன்றது காளைக்கன்றாயின் பால் தொழிலில் அதற்கு வேலையில்லை. அந்தக் கன்று எங்கே போகிறது என்பதே வீகன் எழுப்பும் கேள்வி. அதற்கு விடை அடுக்களையில் இல்லை.

"அப்போ சத்துக்கு?" எனின், 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, எள்ளில் அதைவிடப் பன்மடங்கு. புரதத்துக்குப் பருப்பும் பயறும் வேர்க்கடலையும் உள. ஆனால் பி12 சத்துக்குச் செடிகொடிகளை நம்ப முடியாது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம் போதும் என்றாலும் அது இல்லாவிட்டால் நரம்பும் இரத்தமும் கெடும். மாத்திரையோ அந்தச் சத்தைச் சேர்த்த உணவோ கட்டாயம். இவ்வொரு பத்தியில் ஆய்வாளர் விளையாடவில்லை.

6. செய்முறைச் சான்று

(அ) கடலைத் தயிர். ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை இரவு ஊறவைத்துத் தோலை நீக்குக. மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுக. அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுக. உறைக்கு மோர் கேட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் ஆய்வு பாழாகும். பச்சைமிளகாய்க் காம்புகளை ஒரு கைப்பிடி போட்டு மூடிவைத்தால், அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே உறைய வைக்கும். முதல் உறை சற்று இளகியிருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு இட்டால் கெட்டிப்படும். கடலை வாசனைக்குக் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயத் தாளிப்பு தக்க மறுப்புரை. எஞ்சிய சக்கை அடை மாவுக்கு ஆகும்.

(ஆ) காபி. கொதிக்கும் டிகாக்‌ஷனில் சோயாப் பாலை விட்டால் சூடும் புளிப்பும் சேர்ந்து திரித்துவிடும். பாலை மிதமாகச் சூடாக்கி, சற்று ஆறிய டிகாக்‌ஷனை அதில் மெல்ல ஊற்றுதல் வழி. இதற்கும் பொறுமையில்லாதவர்க்குச் சுக்கு மல்லிக் காபி இருக்கிறது. அதில் பாலும் இல்லை, காபியும் இல்லை. ஆனாலும் காபி என்றே வழங்கி வருகிறது.

7. மேலாய்வுக்கு உரியவை

பந்தியில் "வேண்டாம்" என்பதை எத்தனை முறை சொன்னால் அது வேண்டாம் என்று பொருள்படும் என்பது தனி ஆய்வுக்குரியது.

புதுமனை புகும்போது பால் காய்ச்சும் வழக்கமும் கவனிக்கத்தக்கது. தேங்காய்ப்பால் இங்கே உதவாது. கொதித்தால் திரியும், திரிந்தால் சகுனம். சோயாப் பாலோ நுரைத்துப் பொங்கி வழிவதில் பசும்பாலுக்குக் கொஞ்சமும் சளைத்ததன்று. பொங்கியது எந்தப் பால் என்று வீட்டுத் தெய்வம் கேட்குமா என்பதைப் புரோகிதர்கள் ஆராயட்டும். பொங்கி வழிந்த அடுப்பை யார் துடைப்பது என்பதில் மட்டும் எந்த வீட்டிலும் கருத்து வேறுபாடு பதிவாகவில்லை. ஆய்வாளர் உட்பட ஆண்கள் அனைவரும் அவ்வேளையில் கூடத்தில் இருந்தனர்.