‘குய்ங்’ அண்ணாச்சி

சித்திரை வெயிலில், வற்றிய கண்மாய்க்குள் ஒற்றை ஆளாய் ஒருவர் குனிந்து நடந்தால் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் யாரும் பதறமாட்டார்கள். ஆடு தொலைந்திருக்கும், இல்லையென்றால் சர்வேயர் கல்லைத் தேடுகிறார். ஆனால் அவர் கையில் ஒரு கம்பும், கம்பு முனையில் வடைச்சட்டி அகலத்துக்கு ஒரு வளையமும், காதில் ஹெட்போனும் இருந்தால் அது அண்ணாச்சி. பந்தல்குடி, நரிக்குடி, திருச்சுழி என்று எங்கே தேடினாலும் இப்படி ஒருத்தர் கிடைப்பார். அவருக்குத்தான் எதுவும் கிடைக்காது.

புது மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர் வேறு ரகம். வீடியோ பார்த்து ஆசைப்பட்டு வரவழைப்பார், ஐப்பசி வருவதற்குள் பரணில் போட்டுவிடுவார். அண்ணாச்சி பரணில் இருந்து இறக்கியவர். 1970-களில் சிங்கப்பூரில் இருந்து மச்சினன் கொண்டுவந்து, அவரே மறந்துபோன மெஷின் அது. மகள் கல்யாணம் முடிந்து, பென்ஷனும் வந்து, கரிசக்காட்டை வாரத்துக்கு விட்டபிறகு ஒரு மனிதனுக்கு மிஞ்சுவது பரணும் சர்க்கரை வியாதியும்தான்.

முதல் நாள் பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய பேட்டரிக் கட்டை ஒழுகிப் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, புதுக்கட்டை போட்டுத் திருகினால் ‘குய்ங்’ என்று ஒரு சத்தம். வளையத்தை எங்கே காட்டினாலும் குய்ங். சுவரில் காட்டினாலும் குய்ங், சும்மா காற்றில் வீசினாலும் குய்ங். வீட்டுக்கு அடியிலேயே குடம் குடமாய் இருக்கிறது என்று அண்ணாச்சி முகம் சிவக்கும்போது அடுக்களையில் இருந்து குரல் வரும்: “இடுப்புல கெடக்குற அரணாக்கொடியக் கழட்டிட்டுப் பாருங்க.”

இதில் அவர் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்பில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்க, டெலிபோன் புகழ் கிரகாம் பெல்லே ஒரு கருவியோடு வந்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள் கருவியைக் குழப்பிவிட்டது என்பார்கள். பெல்லையே கட்டில் காலை வாரியிருக்கிறது, அண்ணாச்சிக்கு அரணாக்கொடி.

மெஷினுக்குள் நடப்பது எளிய சங்கதி. இரண்டு அலைவரிசை. ஒன்று பெட்டிக்குள் அசையாமல் இருக்கும், மற்றது வளையத்தில் ஓடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் விழும் சத்தம். வளையத்துக்குக் கீழே உலோகம் வந்தால் வித்தியாசம் மாறும், சத்தமும் ஏறி இறங்கும். சூடு பட்டாலும் மாறும் என்பதுதான் வில்லங்கம். அருப்புக்கோட்டை வெயிலில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சுருதி கலைந்துவிடும். அண்ணாச்சி நடுக்காட்டில் நின்று குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார். தூரத்தில் இருந்து பார்க்கிற ஆட்டுக்காரர்கள், பாவம், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். செவக்காட்டுக்குள் இறங்கினாலோ மண்ணில் இருக்கும் இரும்புச்சத்துக்கே மெஷின் ஒப்பாரி வைக்கும். சரியாக வேலை செய்கிற அன்றைக்கும் காசு அளவுள்ள பொருள் நாலைந்து விரற்கடைக்குக் கீழே கிடந்தால் அதற்குத் தெரியாது. தகரமா தங்கமா என்பதும் பெரும்பாலும் தெரியாது.

இந்தப் பக்கத்து மண்ணாவது ஒத்துழைக்குமா என்றால், கரிசல் அண்ணாச்சியை விடப் பிடிவாதம். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக்கிடக்கும். மேலே விழுந்ததெல்லாம் வெடிப்புக்குள் போகும். மழை விழுந்ததும் வெடிப்பு மூடி, மண் உப்பி, உள்ளுக்குள்ளேயே புரளும். போன வருஷத்துச் சோடா மூடி ஒரு சாண் ஆழத்தில் இருக்கும். 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா செருப்பில் இடறும். ஆழத்தில் கிடப்பதெல்லாம் பாண்டியன் காலம் என்ற அண்ணாச்சியின் கணக்கு இங்கேதான் பிசகுகிறது. அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கும் வசூலைப் பாருங்கள்: மாட்டு லாடம், வண்டிக் கடையாணி, ஏர்க்கொழுவின் மூக்கு, சைக்கிள் ஸ்போக், ஊக்கு, தாமரைப் பூ போட்ட பித்தளை இருபது பைசா, கணக்கில் அடங்காத டாஸ்மாக் மூடி.

இதைவிடப் பெரிய சங்கடம் ஊர்க்காரர்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்பார்கள்: “என்னண்ணாச்சி, நீரோட்டம் பாக்குறீகளா? தேங்கா வச்சுப் பாத்து எங்க காட்டுல போட்ட போர்ல புழுதிதான் வந்துச்சு. இத வச்சுக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.” வானம் பார்த்த பூமியில் குனிந்து மண்ணைப் பார்க்கிறவன் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தேடுவான் என்று யாரும் நம்பத் தயாரில்லை. புதையல் என்று சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்கள். அது அதைவிட ஆபத்து.

ஏனென்றால் சட்டம் இருக்கிறது. 1878-இல் வெள்ளைக்காரன் போட்டது. மண்ணில் இருந்து எடுத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை உள்ளே இருக்கலாம். விசாரணை முடிந்து உரிமைக்காரர் யாரும் இல்லையென்றாகி, ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அண்ணாச்சிக்கு இந்த முக்கால் மட்டும் மனப்பாடம். தொல்லியல் மேடுகளில் மண்வெட்டி வைத்தால் வேறு சட்டம் பாயும் என்று தலையாரி சொன்னது அவர் ஹெட்போனைத் தாண்டிக் காதுக்குள் போகவில்லை. 2022-இல் வெம்பக்கோட்டையில் அகழாய்வு தொடங்கியதும் பார்க்கப் போனார். பையன்கள் தூரிகையால் மண்ணைத் தள்ளுவதையும், சங்கு வளையலும் சுடுமண் பொம்மையும் வெளிவருவதையும் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் நம்ம மெஷின் கத்தாதே” என்று வருத்தத்தோடு பஸ் ஏறினார்.

திருச்சுழியில் தேடுவதே தப்பு என்பது என் கட்சி. சட்டம் வந்த மறுவருஷம், 1879-இல் அங்கே பிறந்த பிள்ளைதான் ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்ததும், கையில் மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தை ஐயங்குளத்தில் எறிந்துவிட்டார். இதைச் சொன்னால் அண்ணாச்சி யோசிப்பார்: “பத்து ரூவாய்க்குக் கீழதான? அப்ப கலெக்டருக்கு எழுத வேண்டியதில்ல.”

ஒரே ஒரு தரம் மெஷின் மானத்தைக் காப்பாற்றும். விடியற்காலையில் மல்லிகை எடுக்கப்போன பெண்ணின் கம்மல் செடிக்கடியில் விழுந்திருக்கும், அண்ணாச்சி வளையத்தை வீசுவார், கிடைத்துவிடும். அவ்வளவுதான், அவர் வாசலில் கூட்டம். கிணற்றில் விழுந்த சாவி, வைக்கோலோடு ஆணியை விழுங்கிய மாடு எல்லாம் வரும். போன பங்குனியில் ஒருத்தர் கெடாயோடு வந்தார். கருவேலங்காய் போட்ட சொளகில் சம்சாரத்தின் மூக்குத்தி விழுந்துவிட்டதாம். காயோடு அதையும் கெடா தின்றுவிட்டதாம். அண்ணாச்சி வயிற்றுப் பக்கம் வளையத்தைக் காட்டினார். குய்ங்.

“இருக்குப்பா. சட்டப்படி எடுத்துக் குடுத்தவனுக்கு முக்காப் பங்கு.”

“மூக்குத்தியிலயா, கறியிலயா அண்ணாச்சி?”